தனியாக நிற்கும் மிஸ் கேரளா

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் தொட்டியில் மிஸ் கேரளா ஒன்றுதான் தெரிகிறது. மற்றதெல்லாம் எங்கே? ரேவதி ஆசைப்பட்டு வாங்கியபோது ஆறு இருந்ததே.

அது கூட்டமாக வாழும் மீன், கண்ணா. சாலியாறு, வளபட்டணம், அச்சன்கோவில் என்று மலையிலிருந்து மேற்கே இறங்கும் ஆறுகள்தான் அதற்குச் சொந்த இடம். பாறையும் கூழாங்கல்லும் கிடக்கும், கரைச் செடி தண்ணீர்மேல் கவிந்திருக்கும், குளிர்ந்த தண்ணீர் நுரைத்து ஓடும். அந்த இழுப்பிலும் ஒன்றையொன்று விடாமல் நீந்தும். மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1865-ல் இதைப் பதிவுசெய்தபோது மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரை வைத்தார் என்று பள்ளிக்கூடக் கண்காட்சியில் நீ மூச்சுவிடாமல் சொன்னாயே! அந்தச் சான்றிதழ் இன்னும் அம்மா பீரோவில் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிள்ளை அதை ஒற்றையாக விடலாமா? மூக்கிலிருந்து கண் வழியாக ஓடும் சிவப்புக் கோடு வெளுத்துப் போயிருக்கிறது. வாலில் மஞ்சளே தெரியவில்லை. பில்டருக்குப் பின்னால் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? நீ சாப்பிடுகிறாயா?

தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேற விடாதே, 26 டிகிரியைத் தாண்டக் கூடாது. மூடி போட்டு வை, துள்ளி வெளியே விழுந்துவிடும். முக்கியமாகத் துணை சேர். ஒன்றிரண்டு போதாது, ஐந்தாறாக வாங்கு. பண்ணையில் பொரித்த குஞ்சுதானா என்று கேட்டு வாங்கு. தொட்டிக்காக ஆற்றிலிருந்து வாரி வாரி எடுத்துத்தான் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். போடும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகிவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடினால் போதாது, துணை வேண்டும். மறந்துவிடாதே.

போனை ஏன் எடுப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. வேலை இருக்கும். ரேவதியின் அம்மா கோயிலில் உன் அம்மாவைப் பார்த்தும் பேசாமல் போய்விட்டார்களாம். அதையும் கேட்கவில்லை. உன் அம்மாதான் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

அடுத்த மாதம் எனக்கு இங்கே வேலை ஒன்றுமில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாகவே இருக்கிறது, பஸ்ஸில் தனியாக வந்துவிடுவேன். வரட்டுமா? நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. வா என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி போடு.

அன்புடன்,
அப்பா