மல்லி வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன முகூர்த்தத்துக்குச் சென்னைக்கு அனுப்பிய பெட்டிகளில் பாதிப் பூ வழியிலேயே மலர்ந்துவிட்டது. தவறு எங்களுடையதுதான், மன்னிக்க வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பெட்டிகளின் படத்தின் கீழே "முந்தின நாள் பூவைக் கலந்துவிட்டார்கள்" என்று எழுதியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காம்பு பச்சையாக இருக்கிறது. பழைய பூவென்றால் காம்பு கறுத்து, இதழ் ஓரம் பழுத்திருக்கும். அது அன்று விடியலில் உசிலம்பட்டிப் பக்கம் பறித்து, மாட்டுத்தாவணியில் எடை போட்ட பூ. பழைய பூவை இந்தக் கடை ஒருநாளும் கலந்ததில்லை.

நடந்தது இதுதான். எங்கள் வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். வேறு வண்டியில் ஏற்றினோம். அந்த வண்டிக்காரர்கள் லோடு சேரும்வரை வெயிலில் நிறுத்திவிட்டார்கள். வாழை இலையும் ஐஸும் எவ்வளவு நேரம் தாங்கும்? விடியலில் மொட்டாக இருப்பது மாலையில் விரியத்தானே செய்யும். காலை பத்து மணிக்குள் கிளம்பினால் நாலு வழிச் சாலையில் இரவு எட்டுக்கெல்லாம் சென்னையில் இறக்கிவிடலாம். அந்த ஒரு நாள் தவறிப்போனது.

2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் விவசாயிக்கு விலை கொடுப்பது சாலை. வெளியூருக்குப் பூ கிளம்பாத அன்று வரத்து குவிந்து, மிச்சமெல்லாம் சென்ட் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறது. வண்டி நேரத்துக்குக் கிளம்பினால், அதே பூவுக்குச் சென்னை ஆர்டரும் பெங்களூர் ஆர்டரும் போட்டி போடும். பறிப்பவர், கட்டுபவர், பெட்டி தூக்குபவர் எல்லாருக்கும் அன்றைக்குக் கூலி உண்டு. 2023-இல் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்துப் பூ ஊருக்குள் நெரிசலில் நிற்காமல் வருவதைத் தினமும் பார்க்கிறேன்.

புது டிரைவர் வெள்ளிக்கிழமை சேருகிறார். அன்றிலிருந்து பழையபடி எங்கள் வேன்தான். பார்சல் கூலி மட்டும் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகு மயிலாப்பூர் அக்கா ஒருவர், "தம்பி, மலர்ந்த பூவும் தலையில் வைக்கத்தானே, அடுத்த பெட்டியை அனுப்பு" என்றார். அவருக்கும், ஆர்டரை நிறுத்தாத உங்கள் எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

அடுத்த பெட்டியைத் திறந்ததும் முதலில் காம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், மதுரை