கதகளி மாலை: ஜனவரி 25, ஞாயிறு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் நடன வகுப்புக் கூடத்தில், மிலேனா சால்வினி நினைவாக ஒரு கதகளி நிகழ்ச்சி. பிரான்சிலிருந்து 1960-களில் கேரள கலாமண்டலம் என்ற கலைப் பள்ளிக்கு வந்து கதகளி கற்றவர் அவர். 1975-இல் பாரிஸில் இந்தியக் கலைகளுக்கான மண்டபா மையத்தைத் தொடங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022 ஜனவரியில் மறைந்தார். தான் ஆடியதோடு நிற்காமல், கதகளிக் கலைஞர்களையும், கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தின் கலைஞர்களையும் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்துப்போனாரே, அதுதான் பெரிய காரியம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

1. ஆட்டம் மாலை 5 மணிக்கு. ஆனால் 2 மணிக்கே வந்துவிடுங்கள், ஒப்பனையைத் தவறவிடக் கூடாது. கலைஞர் மல்லாந்து படுத்திருக்க, அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையோரம் சுட்டி எனும் வெள்ளை விளிம்பு வைப்பார்கள். கண் சிவக்க இமைக்குள் சுண்டப்பூ விதை இடுவதையும் பார்க்கலாம்.
2. அப்போது கலைஞரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். முகம் அசைந்தால் சுட்டி கலைந்துவிடும்.
3. செண்டை மேளச் சத்தம் பலமாக இருக்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.
4. படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம்.
5. பாய் விரிக்க, நாற்காலி போட நாலு பேர் தேவை. முடிந்தவர்கள் 1 மணிக்கு வாருங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் (22) இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வர முடியாதவர்களும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நன்றி.