பந்தல் சாய்ந்த வருஷம்

இராயப்பன்பட்டி,
சனிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் அம்மாவும் நலம். நீ போனில் சொன்னதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத்தில் நாலு நடை நடந்தால்தான் எனக்கு எதுவும் வாயில் வரும், உனக்குத் தெரியுமே.

"எட்டு மாசமா பூசை இல்லை, பூசையில தர்ற நன்மை அப்பமும் வாங்கலை. செபமாலையில மூணாம் பத்துக்குள்ள தூங்கிடுறேன். சேசுவுக்கும் எனக்கும் விட்டுப்போச்சுப்பா" என்றாய். ரியாத்தில் கோவில் கிடையாது என்று தெரிந்துதான் அனுப்பினோம். அது உன்னை இப்படி அறுக்கும் என்று நான்தான் யோசிக்கவில்லை.

"நானே திராட்சைச் செடி, நீங்கள் அதன் கொடிகள்." இந்த வாசகத்துக்கு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! பாதிப் பேர் "ஆண்டவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றுதான் முடிப்பார்கள். கொடி எங்கே தாயி செடியைப் பிடிக்கிறது? அது பிடிப்பது பந்தல் கம்பியை. நூல் மாதிரி நீண்டு, நாலு சுற்றுச் சுற்றி, காய்ந்த பிறகு கத்தி வைத்தால்தான் கழலும். செடியை அது பிடிக்கவே வேண்டாம். அதிலிருந்து முளைத்தது, வேர் குடிக்கிற தண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது.

போன வருஷம் இலை கிள்ள வந்த பையன் ஒரு கொடியை அடியில் தெரியாமல் நறுக்கிவிட்டான். முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை, பச்சையாகத்தான் இருந்தது. அப்புறம் துவண்டது. சருகான பிறகும் கம்பியை மட்டும் விடவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது காற்றில் மேற்குப் பந்தல் சாய்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கல்தூண் முறிந்து, கம்பி அறுந்து, கொடியெல்லாம் மண்ணில் கிடந்தது. பழம் பாதி அழுகியது, கடன் ஏறியது, அதெல்லாம் இருக்கட்டும். ஒரு செடியும் சாகவில்லை. தூண் நட்டுத் தூக்கிக் கட்டினோம், அடுத்த வெட்டுக்குக் காய்த்தது.

பாடகர் குழு, அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கிற அன்பியம், ஞாயிறு காலை மணிச்சத்தம், இதெல்லாம் உனக்குப் பந்தல். இப்போது இல்லை. நன்மையை இந்தக் கணக்கில் சேர்த்தால் சாமியார் என்னைத் திட்டுவார், சரிதான், அது சாப்பாடு. 2020-ல் கோவிலைப் பூட்டியிருந்தபோது நாங்களும் பட்டினிதான் கிடந்தோம். அம்மா ஞாயிறுதோறும் போனில் பூசை பார்த்து, மனதால் நன்மை வாங்கும் செபத்தைச் சொல்லி அழுவாள். செத்த கொடிக்குத் தாகம் எடுக்குமா? உனக்கு எடுக்கிறதே.

நான் பூசைக்கு உதவி செய்த வயதில், திராட்சை இரசத்தில் சாமியார் சொட்டுத் தண்ணீர் கலப்பதை வாய் பிளந்து பார்ப்பேன். கிறிஸ்துவோடு நாம் ஒன்றாவதற்கு அதுதான் அடையாளம் என்று ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். உண்மைதான். ஆனாலும் எனக்குக் கொடிதான் பிடிக்கும். சொட்டு இரசத்தில் காணாமல் போகிறது. கொடி காணாமல் போவதில்லை, அதன் பழம் அதில்தான் தொங்குகிறது. "கிறிஸ்துவே என்னுள் வாழ்கிறார்" என்று எழுதிய பவுலடியாரும் கடைசிவரை அதே கோபக்கார, பாசக்கார பவுலாகத்தானே இருந்தார்!

தூங்கிவிடுகிறேன் என்று வருத்தப்பட்டாயே. உன் திருமுழுக்கு அன்றும் நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாய். நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது முகத்தைச் சுளித்தாய், அவ்வளவுதான், முழிக்கவில்லை. உன்னை அவரோடு சேர்த்தது அன்றைக்கு. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு மூன்றாம் பத்தில் கண் சொருகினால் அது அறுந்துவிடாது.

திங்கட்கிழமை மேற்குப் பந்தலில் கவாத்து. சின்ன வயதில், வெட்டிய நுனியில் சொட்டுகிற நீரைப் பார்த்து "செடி அழுவுதுப்பா" என்று நீயும் அழுவாய். இந்தத் தடவை அதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். விலை மட்டும் கேட்காதே, 2023-ல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்தும் வியாபாரி பழைய பாட்டையே பாடுகிறார்.

நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் கூப்பிடு. அம்மா ஊறுகாய் கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா