பனையைக் கட்டிக்கொண்ட ஆல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

இன்னும் மரங்களைப் படம் எடுக்கிறாயா என்று கேட்டிருந்தாய். முன்னைவிட அதிகமாகவே எடுக்கிறேன். போன மாதம் திருச்செந்தூர் போனவர்கள் கருப்பட்டி வாங்க உடன்குடி வழியாகத் திரும்பினோம், சாலையோரத்தில் ஒரு பனையை ஆலமரம் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். பறவை எச்சத்தில் வந்த விதை பனைமட்டையின் அடியில் சேர்ந்த தூசியிலும் ஈரத்திலும் முளைத்துவிடும், வேர் இறங்கி மண்ணைத் தொட்டுவிட்டால் அப்புறம் ஆலை யாரும் பிடிக்க முடியாது. கிட்டே போய்ப் பார்த்தால், வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னியிருக்க, நடுவில் விட்ட சந்துகளில் பனையின் கறுத்த தண்டும் மட்டை விழுந்த தழும்புகளும் தெரிந்தன. ஒரு சந்தில் எறும்புகள் சாரை சாரையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. உச்சியில் ஆலிலைகளைக் கிழித்துக்கொண்டு நாலைந்து ஓலைகள்.

வேறு மரமாக இருந்தால் பருக்கப் பருக்க அந்த வேர்ப்பிடியில் நெரிபட்டிருக்கும். பனை வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகிற மரம் இல்லை, அதன் சத்து ஓடும் குழாய்களும் தண்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, அதனால்தான் தாங்குகிறது. ஆல் மேலே குடை விரித்து வெயிலை மறைத்துவிட்டால்தான் அதற்குக் கஷ்டம். இந்தப் பனைக்கு இன்னும் வெயில் கிடைக்கிறது என்று பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் எடுக்கிற விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், நீயும் செய்து பார். போனில் அகலக் கோணத்தை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்று எடுக்காதே, அடி பெருத்து உச்சி ஊசியாகி மரம் சாய்ந்தாற்போல விழும். நன்றாகப் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடு. பட்டையை எடுக்க மழை விட்ட நேரம்தான் சரி, நனைந்த பட்டையில் நிறங்கள் எழுந்து நிற்கும். ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளியை (பெருக்க மரம், பாவோபாப் என்பதும் இதுதான்) எடுத்தபோது பக்கத்தில் ஆள் இல்லாமல் எடுத்த படங்களெல்லாம் ஏதோ சாதாரண மரம் போலத்தான் இருந்தன, ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தண்டில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அதன் பருமனே தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பார்கள். இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். அதை ஒரு நாள் போய் எடுத்தே ஆகவேண்டும்.

எங்கள் பஸ் நிலையத்துத் தூங்குமூஞ்சி மரத்தை மத்தியானம் ஒரு தடவையும் பொழுது சாய்ந்து இலை மூடிய பிறகு ஒரு தடவையும் எடுத்து அனுப்புகிறேன், ஒரே மரம் என்று நம்பமாட்டாய். ஒரு மரத்தை ஒரே தடவை எடுத்துவிட்டுப் போவதில் எனக்கு இஷ்டமே இல்லை. பூக்கும்போது, மொட்டையாக நிற்கும்போது, கொழுந்து விடும்போது என்று திரும்பத் திரும்பப் போனால்தான் அது நமக்குத் தெரிந்த மரமாகிறது. நாம் பள்ளிக்கூடம் போன ரோட்டில் வெள்ளை அடித்து நம்பர் போட்ட புளியமரங்கள் வரிசையாக நின்றதே, நான்குவழிச் சாலைக்காக எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் படம் இருக்கிறது, அதுவும் டீக்கடையை எடுத்தபோது ஓரத்தில் பாதி விழுந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதிலிருந்து எந்த மரத்தை எடுத்தாலும் ஊர், சாலை, தேதி மூன்றையும் எழுதி வைக்கிறேன்.

பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் தெருவெல்லாம் ரோஜா நிறத்தில் பூத்துக் கொட்டும்போது எல்லாரும் எடுப்பார்கள், அழகுதான். நீ ராமோஹள்ளி பக்கம் போய் 'தொட்ட ஆலமரத்தை' எடு, கன்னடத்தில் தொட்ட என்றால் பெரிய என்று அர்த்தம். மூன்று ஏக்கருக்குப் பரந்த மரம், மூலத்தண்டு நோய் வந்து போன பிறகும் விழுதுகளில் நிற்கிறது. நம் அடையாறு ஆலமரமும் அப்படித்தான், 1989 புயலில் நடுமரம் சாய்ந்தது. மரம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதே, முடியாது. ஒரு விழுது தரையில் ஊன்றுகிற இடத்தை மட்டும் எடு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும், வார நாளில் காலையிலேயே போய்விடு. எடுத்த படங்களை வாட்ஸப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மெயிலில் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்