மட்டை வீச்சுக் குறிப்பேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலிலிருந்து (பேஸ்பாலைப் போன்றது, ஆனால் கையைச் சுழற்றிக் கீழிருந்து பந்து வீசும் ஆட்டம்) தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிற பெண்களின் ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, எப்படி மாறுகிறது என்று சொல்லும் நம் தமிழ்க் குறிப்பேடு அச்சுக்குப் போகப்போகிறது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். அதனால் ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். எது தன்னுடையது என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, நேரத்தைக் கணக்குப் போட்டுத் தந்தவர்களுக்கு. முதல் அத்தியாயத்துக்கு 'இன்னும் பலமாக அடிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்திருந்தோம். உங்கள் கணக்கைப் பார்த்ததும் அதைக் கிழித்துப் போட்டோம். பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், நிற்கும் பலகையிலிருந்து மட்டையாளர் அருகே இருக்கும் ஹோம் பிளேட் 43 அடி. பிட்சர் முன்னே பாய்ந்து பந்தை விடுவதால் உண்மையில் மிஞ்சுவது சுமார் 37 அடி. மணிக்கு 65 மைல் பந்து அதை 0.39 நொடியில் கடக்கிறது, 70 மைல் பந்து 0.36 நொடியில். ஸ்விங் கிளம்பி மட்டை பந்தைத் தொட 0.15 நொடிக்கு மேல் ஆகும். ஆக, என்ன பந்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க இருப்பது 0.2 நொடிதான். இதில் 0.03 நொடி தாமதித்தாலே பந்து 3 அடி உள்ளே வந்துவிடும்.

கல்லூரியிலும் 70 மைல் வீசுகிறவர்கள் உண்டு. ஆனால் மூன்று ஆட்டத் தொடரில் முதல் பிட்சர் (அணியின் சிறந்தவர்) ஓய்வெடுக்கும் ஆட்டம் ஒன்று வரும். வார நடுவில் எளிய அணியும் வரும். நீளமான ஸ்விங் வைத்திருப்பவர் அங்கே தன் கணக்கை நேர்செய்துகொள்வார். தொழில்முறையில் எதிரே நிற்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கல்லூரியின் முதல் பிட்சராக இருந்தவர். அமெரிக்கப் பிட்சர் மோனிகா அபாட் 2012இல் வீசிய 77 மைல் பந்துக்கு மேற்படி கணக்கைப் போட்டால் 0.33 நொடி வருகிறது. இதற்குக் கைபலம் பதில் ஆகாது. முன்கூட்டியே தயாராகி, முடிவைத் தள்ளிப்போட்டு, மட்டையைக் குறுக்கு வழியில் கொண்டுவருவதுதான் பதில்.

அந்த 'முன்கூட்டியே' எப்போது என்று சொல்லித் தந்த முன்னாள் மட்டையாளர்களுக்கு அடுத்த நன்றி. பிட்சரின் கை சுழன்று உச்சிக்கு வரும்போது எடை பின்காலில் ஏறியிருக்க வேண்டும். பந்து அவர் இடுப்பருகே விடுபடும்போது நம் முன்கால் விரல்கள் தரையில் இருக்க வேண்டும். கல்லூரியில் பந்து விட்ட பிறகு கால் வைத்தும் பலர் தப்பிவிடுகிறார்கள். மேலே, தொழில்முறைக்கு, போனதும் அதே பழக்கத்தில் கால் தாமதமாக இறங்குகிறது, இடுப்பு திரும்ப நேரமில்லாமல் கை மட்டும் தனியாக வீசுகிறது, முன்கை விறைத்து நீள்கிறது, மட்டை வெளியே சுற்றிக்கொண்டு வருகிறது. பார்க்கிறவர் 'கை மெதுவு' என்பார். நோய் காலில் இருக்கிறது.

மெதுவோட்ட வீடியோ எடுத்தவர்கள் இல்லையென்றால் இதை நாங்களும் கையில்தான் தேடியிருப்போம். நொடிக்கு 240 படம், பக்கவாட்டில் ஒன்று, பிட்சர் பக்கத்திலிருந்து ஒன்று என்ற உங்கள் ஏற்பாடு போதுமானதாக இருந்தது. மட்டைக் கைப்பிடி முனையில் மாட்டும் சென்சாரின் எண்களை வீடியோவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தியதும் சரி. மட்டை வேகம் ஏறியிருக்கும். கூடவே தொடுவதற்கான நேரமும் ஏறியிருந்தால் அது லாபமே இல்லை.

பேஸ்பாலிலிருந்து வந்த 'கீழிருந்து மேலே' வீச்சைப் பற்றி எங்கள் வரைவைத் திருத்திய பயிற்சியாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பேஸ்பாலில் பந்து மேட்டிலிருந்து, தோளுக்கு மேலிருந்து, சரிந்து இறங்குகிறது. அதற்கு மேல்நோக்கிய வீச்சு பொருந்தும். சாஃப்ட்பாலில் ரைஸ் பால் இடுப்புக்குக் கீழே கிளம்பி நெஞ்சு உயரத்துக்கு வந்து சேர்கிறது. மட்டையைச் செங்குத்தாகத் தூக்கினால் அது பந்தின் அடியில் போய்விடும், இல்லாவிட்டால் பந்து, பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர் தலைக்கு மேல் எகிறும். மட்டை 5 முதல் 10 டிகிரி ஏறினால் போதும் என்று குறிப்பேட்டில் வைத்திருக்கிறோம். பின்தோளைத் தாழ்த்தி ரைஸ் பாலைத் துரத்துவதைவிட, நெஞ்சுக்கு மேல் போவதை விட்டுவிடக் கற்பதே லாபம். டிராப் பாலில் (கடைசியில் கீழே இறங்கும் பந்து) நேர்மாறான தவறு நடக்கிறது: அவசரப்பட்டு முன்னாலேயே சந்தித்து, மணிக்கட்டைச் சீக்கிரம் உருட்டி, ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர்) ஓர் உருளைப் பந்து.

பிட்சிங் மெஷின் ஓட்டிய தம்பிகளுக்குத் தனி நன்றி, வெயிலில் நின்றதற்கு மட்டுமல்ல. மெஷினை 30 அடியில் வைத்து 57 மைல் வேகம் கொடுத்தால், 70 மைல் பந்துக்குக் கிடைக்கும் அதே 0.36 நொடி கிடைக்கும் என்று காட்டினீர்கள். ஆனால் மெஷினுக்குக் கை இல்லை. பந்தைப் போடுகிறவர் கையை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டால்தான் மட்டையாளர் காலைச் சரியான தருணத்தில் இறக்கப் பழகுவார். ஆறு முறை அடித்தால் ஒரு சுற்று, அப்படி ஐந்து சுற்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. அதற்கு மேல் போனால் களைத்த ஸ்விங்தான் பழக்கமாகிறது. டீயில் (குடிக்கிற டீ இல்லை, பந்தை நிறுத்தும் தாங்கி) உட்பந்தை (உடலருகே வருவது) முன்காலுக்குச் சற்று முன்னும், வெளிப்பந்தை (உடலைவிட்டு விலகி வருவது) வயிற்றுக்கு நேராகப் பின்னும் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

கேட்சர்களே, உங்களால்தான் பந்தைப் பார்த்து அறியும் அத்தியாயத்துக்கே உயிர் வந்தது. பிட்சர்கள் பயிற்சி வீசும்போது மட்டையாளர் ஹெல்மெட்டுடன் நிற்பது, அடிக்காமல் 20 பந்து பார்ப்பது, பந்து பாதி வழி வருவதற்குள் 'ரைஸ்', 'டிராப்', 'சேஞ்ச்' என்று உரக்கச் சொல்வது: செலவில்லாத இந்தப் பயிற்சியை நாங்கள் சாதாரணமாக நினைத்திருந்தோம். சேஞ்ச் அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) பற்றி நீங்கள் சொன்னதும் முக்கியம். கல்லூரியில் மூன்று 'பால்' (அடிக்கும் எல்லைக்கு வெளியே போனதாக எண்ணப்படும் பந்து) ஆகிவிட்டால் பெரும்பாலும் வேகப்பந்தை எதிர்பார்க்கலாம். மேலே அந்த நேரத்திலும் 15 மைல் குறைத்து ஒரு பந்து வரும். முன்காலில் எடையைக் கொட்டியவர் அங்கே தீர்ந்தார். கால் இறங்கலாம், எடை இறங்கக் கூடாது.

அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை சாஃப்ட்பால் லீக்கான ஏயூஎஸ்எல் 2025இல் தொடங்கியபோது நான்கே அணிகள், அணிக்கு 24 ஆட்டங்கள் இருந்தன என்பதை நினைவூட்டியவருக்கும் நன்றி. மூன்றே எதிரணிகள் திரும்பத் திரும்ப வந்தால், மட்டையாளரின் பலவீனம் மறுமுறை சந்திப்பதற்குள் எதிரணியின் ஏட்டில் ஏறிவிடும். கல்லூரியில் 122 ஹோம் ரன் அடித்துச் சாதனை வைத்திருக்கும் ஜோஸலின் ஆலோ போன்றவருக்கும் இதே விதிதான்.

மட்டைக் கடைக்காரருக்கு: கூட்டுப்பொருள் மட்டையைப் பழக்க 150 முதல் 200 முறை அடிப்பது, ஒவ்வொரு முறையும் மட்டையைக் கால் சுற்றுத் திருப்புவது, மெஷினின் குழிப்பந்து கூடவே கூடாது. மூன்றையும் அப்படியே போட்டுவிட்டோம். 33 அங்குலம் 23 அவுன்ஸ் மட்டையிலிருந்து 34 அங்குலத்துக்குத் தாவுவதற்கு முன் தொடும் நேரத்தை அளக்கச் சொன்னதையும்.

இடக்கை ஸ்லாப்பர்களே, உங்கள் பகுதி இரண்டே பக்கம், மன்னிக்கவும். ஓடிக்கொண்டே தட்டி, 60 அடி தள்ளி இருக்கும் முதல் தளத்தை 2.7 நொடியில் எட்டுவது கல்லூரியில் சோறு போடும். மேலே உள்வட்டக்காரர்கள் நெருங்கி நின்று எறிந்துவிடுவதால் முழு ஸ்விங் ஒன்றும் கைவசம் வேண்டும் என்ற வரை எழுதியிருக்கிறோம். மட்டையாளர் நிற்கும் பெட்டிக்கு வெளியே கால் வைத்துப் பந்தைத் தொட்டால் அவுட் என்பதைப் படம் போட்டு விளக்க வேண்டும். அந்தப் படம் இன்னும் வரவில்லை. வரைகிறவர் இதைப் படித்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இரவல் வாங்கிய ரேடார் கருவியைப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறோம், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
குறிப்பேட்டுத் தொகுப்புக் குழுவினர்