பிரையன் வில்சன் ஜீனியஸா? முத்துவுக்கு ஒரு பதில்

அன்புள்ள முத்து,

நீ எழுதியதெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வந்து விழுந்தது. போனில் தட்டினால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது, அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மெயிலிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வீட்டுச் சமாசாரம் முதலில். அம்புஜத்துக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. சின்னவன் பெங்களூருக்கு மாறிவிட்டான், வாடகையைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் அமெரிக்கப் பாட்டுக்காரனைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 11 அன்று, அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவுக்குப் பாட்டு அமைத்த பிரையன் வில்சன் இறந்தபோது எங்கே பார்த்தாலும் ஜீனியஸ், ஜீனியஸ் என்றே எழுதினார்கள், கடலலையில் பலகை விட்டதையும் காரையும் பெண்பிள்ளைகளையும் பற்றிப் பாட்டுப் போட்டவனுக்கு இந்த வார்த்தையா, அப்படியானால் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach), நம் தியாகராஜர் இவர்களையெல்லாம் என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய். அடுத்த துண்டிலேயே, பாவம் மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான், அப்படிப் பித்துப் பிடித்தவனுக்குத்தான் அந்த மாதிரி இசை வரும் என்றும் எழுதியிருந்தாய். இரண்டிலும் உன்னோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இரண்டாவதில்தான் அதிகம்.

முதலில் அந்த வார்த்தை அவர் மேல் எப்படி வந்து ஒட்டியது என்று பார். அதுவாக ஒட்டவில்லை, ஒட்டுவதற்கென்றே ஆள் வைத்தார்கள். டெரெக் டெய்லர் என்று ஓர் ஆங்கிலேயர், பீட்டில்ஸுக்குப் பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்தவர், பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து கடை போட்டார். 1966இல் பீச் பாய்ஸ் அவரை அமர்த்திக்கொண்டார்கள். அந்தக் குழுவுக்கு அப்போது இருந்த பெயர் கோடு போட்ட சட்டை, கடற்கரை, சிரிப்பு. (அதில் உண்மையில் சர்ஃபிங் (அலையில் பலகை விடுவது) செய்தவர் பிரையனின் தம்பி டென்னிஸ் ஒருவர்தான்.) அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று டெய்லர் பிடித்துக்கொண்ட ஒற்றை வரிதான் 'பிரையன் வில்சன் ஒரு ஜீனியஸ்'. நம்மூரில் கட்-அவுட் வைக்கும்போதே பட்டத்தையும் சேர்த்து எழுதி நிறுத்திவிடுவார்கள் இல்லையா, அதே வேலைதான். டெய்லர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஆனால் அது விளம்பரமாகப் புறப்பட்ட சொல் என்பதை மறந்துவிட்டு, ஏதோ காலம் தீர்ப்பு எழுதியது போலப் பேசுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கடுப்பு.

அப்புறம் நீ கேட்கலாம், அப்படியானால் நீ என் கட்சிதானே என்று. இல்லை. விளம்பரத்தைத் தூக்கித் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அங்கே ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைக் காதாலேயே சரிபார்க்கலாம். 1997இல், பீச் பாய்ஸின் 1966 ஆல்பமான 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் ஒலிப்பதிவு டேப்புகளை நான்கு சீடிகளாக வெளியிட்டார்கள், இப்போது அதெல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறது. பாட்டு தனியாக, வாத்தியம் தனியாக, குரல்கள் மட்டும் தனியாக, ஸ்டுடியோவில் பேசிக்கொண்டதுகூடக் கேட்கும்.

அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பார். இருபத்து மூன்று வயதுப் பையன். சின்ன வயதிலிருந்தே வலது காது ஏறக்குறைய கேட்காது, அதனால் ஸ்டீரியோ என்பதே அவனுக்கு அனுபவத்தில் கிடையாது, எல்லாவற்றையும் மோனோவில்தான், அதாவது ஒரே ஒலித்தடத்தில்தான், முடித்தான். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஹால் பிளெய்ன், கரோல் கே மாதிரி ஆட்கள், இவனைவிட மூத்தவர்கள், ஜாஸில் ஊறியவர்கள், ஊரில் உள்ள பாதி ஹிட் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள். பில் ஸ்பெக்டர் என்ற பிரபல ரெக்கார்டு தயாரிப்பாளருக்கு வாசித்த அதே கூட்டம். ஸ்பெக்டரின் ரெக்கார்டிங்குகளில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துத்தான் இந்தப் பையன் தொழில் கற்றான். அக்கார்டியன், பிரெஞ்சு ஹார்ன், சைக்கிள் மணி, பனிவண்டிச் சலங்கை என்று ஒன்றோடொன்று ஒட்டாத சாமான்களையெல்லாம் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவைக்கிறான். ஏற்பாட்டை முழுதாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிடும் ஆள் இல்லை இவன், ஆளாளுக்கு அவரவர் பகுதியைப் பாடிக் காட்டி, வாசித்துக் காட்டித்தான் பல இடங்களில் வேலை வாங்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிறுத்தி, இதை மாற்று, அதைக் குறை, மறுபடி முதலிலிருந்து என்று டேக் மேல் டேக். டேப்பில் கேட்டால் எரிந்துவிழும் மேதையின் குரலே அதில் இல்லை. வேலையில் மூழ்கிய, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு மேஸ்திரியின் குரல்தான் கேட்கிறது.

அந்த ஆல்பத்தில் 'காட் ஒன்லி நோஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள். 1966 மார்ச், ஏப்ரலில் பதிவானது. அதில் பேஸ் கிட்டார் பல இடங்களில் கார்டின் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மூல ஸ்வரத்தில் நிற்பதே இல்லை, வேறொரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் என்ன ஆகிறது என்றால், மேலே குரல் எவ்வளவு இனிமையாகப் போனாலும் காலடியில் தரை உறுதியாக இல்லாத மாதிரி ஒரு தவிப்பு, பாட்டு எந்தச் சுருதியில் வீடு கட்டியிருக்கிறது என்றே நிச்சயமாகத் தெரியாது. உன்னை எப்போதும் நேசிப்பேன் என்று சொல்ல முடியாது என்று ஆரம்பிக்கிற காதல் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன செய்ய முடியும், சொல். சர்ஃபிங் பாட்டுக்காரன் என்று நீ சொல்கிறாயே, மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பாட்டில் இவ்வளவு நடக்கிறது, கேட்பவருக்கோ ஒரு கஷ்டமும் தெரிவதில்லை, ரேடியோவில் சும்மா கூடவே முணுமுணுத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அதே பாட்டிலேயே உனக்கும் ஒரு பிடி இருக்கிறது, மறைக்க மாட்டேன். நடுவில் வருகிற வாத்திய இசை சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசித்துப் பார்ப்போமே என்று யோசனை சொன்னவர் டான் ராண்டி என்ற கீபோர்டு வாசிப்பவர். பிரையன் உடனே பிடித்துக்கொண்டார். பாட்டின் வரிகள் பெரும்பாலும் டோனி ஆஷருடையவை, அவர் விளம்பர கம்பெனியில் எழுதிக்கொண்டிருந்தவர். பாடியது பிரையன் அல்ல, கடைசித் தம்பி கார்ல், பிரையன் தானே பாடாமல் தம்பிக்குக் கொடுத்தார். அப்படியானால் இதில் யார் ஜீனியஸ் என்று நீ மேஜையைத் தட்டுவாய். என் பதில், பிரையன்தான். பத்துப் பதினைந்து பேர் சொல்கிற யோசனைகளில் எது பாட்டுக்குள் உட்காரும், எது உட்காராது என்று அந்த நொடியிலேயே தெரிந்த காது ஒன்றே ஒன்றுதான் அந்த அறையில் இருந்தது, அதுவும் நிஜமாகவே ஒற்றைக் காது.

'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டின் கதை உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1966இல் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை, நாலு ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த மூன்றரை நிமிடம். அந்த ஊளையிடுகிற எலக்ட்ரானிக் சத்தம், அதற்குக் கீழே தடதடவென்று செல்லோ, இதெல்லாம் போட்டும் டிசம்பரில் அமெரிக்க ஹிட் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. வித்தையும் வியாபாரமும் ஒன்றாகச் சேர்வது அடிக்கடி நடக்கிற காரியமா? பெட் சவுண்ட்ஸுக்கே அங்கே பத்தாம் இடம்தான் கிடைத்தது. அது வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் அந்த ரெக்கார்டு கம்பெனியே பழைய ஹிட்டுகளை ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்து கடையில் வைத்தது. பிரிட்டனில்தான் மதித்தார்கள், இரண்டாம் இடம் வரை போனது, பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இன்றுவரை புகழ்ந்துகொண்டே இருக்கிறார்.

இப்போது உன் இரண்டாவது துண்டு. பித்துப் பிடித்தவனுக்குத்தான் வரும் என்றாயே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார். 1964 டிசம்பரில் விமானத்தில் மனம் உடைந்துபோகிறது, ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திக்கொண்டு ஸ்டுடியோவிலேயே இருக்கிறார். அப்படி ஊர் சுற்றாமல் இருந்ததால் கிடைத்த நிம்மதியிலும் நேரத்திலும் வந்ததுதான் பெட் சவுண்ட்ஸ். நோயா அதைச் செய்தது? வேலை செய்ய விட்டதால்தான் வந்தது. அதற்குப் பிறகு 'ஸ்மைல்' ஆல்பம். வான் டைக் பார்க்ஸ் எழுதிய வரிகளுக்கு அர்த்தம் என்ன என்று குழுவின் பாடகர் மைக் லவ் கேட்கிறார் (கேட்டதில் தப்பும் இல்லை, பாடப்போகிறவர் அவர்தானே), நெருப்பைப் பற்றிய இசைக்கு வாத்தியக்காரர்கள் தலையில் தீயணைப்புத் தொப்பி மாட்டுகிறார்கள், பக்கத்தில் எங்கோ தீப்பிடித்ததும் தன் இசைதான் காரணம் என்று பிரையன் பயந்துபோகிறார். பத்திரிகைக்காரர்கள் ஜீனியஸின் அடுத்த ஆல்பம் எங்கே என்று வாசலில் நிற்கிறார்கள், அட்டைகூட அச்சாகிவிட்டது. 1967 மே மாதம் அதைக் கைவிட்டாயிற்று என்று அறிவித்ததும் அதே டெரெக் டெய்லர்தான், பார்த்தாயா வேடிக்கையை. பித்து கூடக்கூட இசை குறைந்துகொண்டே போனது என்பதுதான் கணக்கு. வீட்டில் மணலைக் கொட்டி அதில் பியானோவைப் போட்டு வாசித்தார் என்ற கதையை எல்லோரும் ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். அதில் ரசிக்க என்ன இருக்கிறது? அந்த மனுஷருக்கு வைத்தியம் தேவைப்பட்டது.

வைத்தியம் என்று வந்தவர் யார் தெரியுமா, யூஜின் லாண்டி. எண்பதுகளில் இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருந்து, வியாபாரத்தில் கூட்டாளியாகி, பாட்டெழுதியவர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்ட சைக்காலஜிஸ்ட். 1992இல் கோர்ட் உத்தரவு போட்டுத்தான் அவரை விலக்கிவைக்க வேண்டியிருந்தது. பிரையனின் அப்பா மர்ரி, பாட்டுகளின் உரிமையை 1969இல் விற்றுத் தள்ளினார். மைக் லவ் தன் பெயர் விடுபட்ட பாட்டுகளுக்காக வழக்குப் போட்டு ஜெயித்தார், அவர் பக்கம் நியாயமும் இருந்தது. ஜீனியஸ் என்றால் மேகத்தில் மிதக்கிறவர், அவருக்கு ஒன்றும் தெரியாது, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொள்ள அந்தப் பட்டம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஸ்பெக்டரையும் அப்படித்தான் ஜீனியஸ் என்று தாங்கினார்கள், அவர் செய்த அட்டூழியத்தையெல்லாம் குணவிசேஷம் என்று சொல்லிச் சமாளித்து, கடைசியில் கொலைக் குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போய் அங்கிருந்தபடியே செத்தார். இந்த வார்த்தை ஒருவருக்குச் சங்கிலியாகவும் இன்னொருவருக்கு லைசென்ஸாகவும் ஆயிற்று. தான் ஜீனியஸ் இல்லை, உழைக்கிறவன்தான் என்று பிரையனே சொல்லியிருக்கிறார். அது தன்னடக்கம் என்று நான் நினைக்கவில்லை, எல்லோரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதாகத்தான் படுகிறது.

இன்னொன்று. 2004இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் ஸ்மைலை முழுதாக மேடையேற்றினார், அவருக்கு வயது 61. இளம் வாத்தியக்காரர்கள் பழைய துண்டுகளைத் தேடியெடுத்து வரிசைப்படுத்த உதவினார்கள், வான் டைக் பார்க்ஸும் வந்தார். மிரட்டாத ஆட்கள் நாலு பேர் பக்கத்தில் இருந்தால் போதும், முப்பத்தேழு வருஷம் முடங்கிக் கிடந்த வேலை முடிகிறது. எந்த நெருப்பு இசைக்குப் பயந்து ஓடினாரோ அதற்கேதான் மறு வருஷம் கிராமி கொடுத்தார்கள்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1965, 66இல் அந்த ஆள் செய்தது ஜீனியஸின் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் நல்ல பாட்டுகள் உண்டு, 1971இல் வந்த ''டில் ஐ டை' பாட்டில் வரியும் இசையும் அவருடையதே, அதைக் கேட்டால் ராத்திரி தூக்கம் போகும். மொக்கைப் பாட்டுகளும் எக்கச்சக்கம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே சொல்லை ஏன் போர்த்த வேண்டும்? பாக்கையும் தியாகராஜரையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளக்கிற வேலையும் எனக்கு வேண்டாம், அவர்கள் செய்த வேலையே வேறு. ஹாஸ்டலில் நீ தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பீச் பாய்ஸ் பாட்டு 'கொக்கோமோ' இருக்கிறதே, அந்த ரெக்கார்டிங்கில் பிரையன் கிடையாதே கிடையாது, அதை வைத்து அவரை எடை போடாதே, சொல்லிவிட்டேன்.

உன் ஆள் மைக்கேல் ஜாக்சனுக்கும் இதே அளவுகோல்தான், ஞாபகம் வைத்துக்கொள். 'திரில்லர்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் பங்கு எவ்வளவு, ஜாக்சனுடையது எவ்வளவு என்று டெமோக்களைக் கேட்டுவிட்டுப் பேசு, ஜாக்சன் வாயாலேயே வாத்தியங்களைப் பண்ணிக் காட்டியிருப்பார், உனக்கே சாதகமாக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பெட் சவுண்ட்ஸ் டேப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், உன் காரிலேயே போட்டுக் கேட்போம், தங்கச்சி திட்டினால் நான் சமாளித்துக்கொள்கிறேன். அதற்குள் அந்த முழங்காலை டாக்டரிடம் காட்டிவிடு.

அன்புடன்,
பாலு