நெல் உமிக்குக் கத்தாத கருவி

ஆசிரியருக்கு,

வணக்கம். மெட்டல் டிடெக்டரோடு தாமிரபரணிக் கரையில் அலைகிறவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாரையும் ஒரேயடியாகப் புதையல் திருடர்கள் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மீதியையும் சொல்கிறேன்.

பழங்கால இடுகாடுகளான ஆதிச்சநல்லூர் பரம்பிலோ (மேட்டு நிலம்) சிவகளையிலோ அந்தக் கருவியைக் கொண்டுபோனால் கத்தத்தான் செய்யும். இறந்தவர்களைப் புதைத்த மண் தாழிக்குள்ளும் பக்கத்திலும் அவ்வளவு இரும்பு கிடக்கிறது. பையன் ஒரு ஈட்டி முனையைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, படம் பிடித்து அனுப்புவான். ஆனால் சிவகளைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது? ஒரு தாழியில் இருந்த நெல் உமி. அதைச் சோதித்துத்தான் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று சொன்னதற்கும் ஆதாரம், தாழியில் இருந்த கரித்துண்டுதான். உமிக்கும் கரிக்கும் எந்த டிடெக்டரும் கத்தாது. இரும்பை மட்டும் உருவிவிட்டால் அது எந்தக் கரியோடு கிடந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

ஆற்று மணலில் கிடைக்கும் காசு வேறு கதை. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த காசுக்குக் காலத்தைச் சொல்லும் மண்ணடுக்கு ஏது? 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தி தொல்லியல் துறைக்காரர் அல்ல. பத்திரிகை ஆசிரியர், காசு சேகரிப்பவர். துறைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துப் பேசலாம்.

கிடைத்ததை ஏன் யாரும் வந்து சொல்வதில்லை? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்தான் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் காதில் விழுந்ததெல்லாம், "சொன்னா போலீஸ் வரும், வயலையும் வேலி போட்டுருவாவ" என்பதுதான். அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தருவார்கள். துருப்பிடித்த இரும்புக்கு அந்தக் கணக்கில் என்ன வந்துவிடும்!

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரில் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியவை சென்னைக்குப் போயின. ரீ முறையாகப் பட்டியல் போட்டு வைத்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் பரம்பிலேயே ஒரு அருங்காட்சியகம் வர 2023 ஆகிவிட்டது. பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம், நாங்கள் ஒரு காசு எடுத்தால் திருட்டா என்று ஊர்க்காரர் கேட்டால் சட்டென்று பதில் வராது.

இங்கிலாந்தில் 1996-இல் புதுச் சட்டம் போட்டார்கள். நிலத்துக்காரர் அனுமதியோடு டிடெக்டர் வைத்துத் தேடலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாது. கிடைத்ததையும் கிடைத்த இடத்தையும் பதிவு செய்ய வட்டாரத்துக்கு வட்டாரம் ஆள் இருக்கிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன. சண்டை ஓய்ந்துவிடவில்லை, மறைத்து விற்று ஜெயிலுக்குப் போனவர்களும் அங்கே உண்டு. ஆனாலும் சொல்ல நினைப்பவனுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது.

இங்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல் தாலுகா அலுவலகங்களில் முதலில் ஒரு ஆளைப் போடட்டும். போனில் படமும் இடமும் அனுப்பினால், மிரட்டாமல் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு, ரசீது கொடுக்கிற ஆள். பரம்பில் டிடெக்டரோடு நிற்பவன் மேல் வழக்குப் போடுவதை நான் தடுக்கவில்லை. வயலில் உழும்போது தாழி தட்டுப்பட்டவரையும் அவனோடு சேர்த்து நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
ஸ்ரீவைகுண்டம்